இன்-ஸ்டேட் கட்டணத்துக்கு மாநில வசிப்பை நிரூபிப்பது எப்படி? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசுக் கல்லூரிகளில் அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கான குறைந்த கட்டணம்தான் இன்-ஸ்டேட்; மற்றவர்களுக்கானது அவுட்-ஆஃப்-ஸ்டேட். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சே தொடங்குகிறது. அதற்குள் பல இடங்களில் காலம் கடந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடியும் கோடையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இது. டெக்சஸ், கலிஃபோர்னியா இரண்டையும் விரிவாக எழுதியிருக்கிறேன். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். மற்ற மாநிலங்கள் தேவைப்படும் இடத்தில் வரும். கட்டணத் தொகைகள் 2025-26 கல்வியாண்டுக்கு உரியவை.

இன்-ஸ்டேட், அவுட்-ஆஃப்-ஸ்டேட் என்கிறார்களே, வித்தியாசம் அப்படி எவ்வளவு?

யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ எல்லாம் இதில் அடக்கம். 2025-26இல் புதிதாகச் சேரும் கலிஃபோர்னியா மாணவருக்கு டியூஷனும் பொதுக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு 14,934 டாலர். வெளி மாநில மாணவர் அதற்கு மேல் 37,602 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், மொத்தம் 52,536. விடுதியும் சாப்பாடும் இதில் சேராது. நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் அந்தக் கூடுதல் தொகை மட்டுமே ஒன்றரை லட்சம் டாலர் வருகிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்திலும் வெளி மாநிலத்தவர் கட்டுவது உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

மாநில அரசு தன் வரிப்பணத்தில் நடத்தும் கல்லூரிகளுக்கு மட்டும்தான் இது. ஸ்டான்ஃபோர்டு, ரைஸ் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் எந்த மாநிலத்திலிருந்து போனாலும் ஒரே கட்டணம்.

நாங்கள் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறோம். அதற்கு மேல் எதை நிரூபிக்கச் சொல்கிறார்கள்?

இரண்டு விஷயம். எப்போதிலிருந்து இங்கே இருக்கிறீர்கள்? எதற்காக இங்கே வந்தீர்கள்? மாநிலத்துக்கு மாநிலம் படிவம் மாறும், சொற்கள் மாறும், கேட்கும் தாள்கள் மாறும். அடியில் கேட்கப்படுவது இவை இரண்டும்தான்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அளவு ஒரு வருடம். டெக்சஸில் ‘சென்சஸ் டேட்’ என்று ஒரு நாள் உண்டு. ஃபால், ஸ்பிரிங் செமஸ்டர்களில் அது வகுப்பு தொடங்கிய பன்னிரண்டாவது வகுப்பு நாள். அந்த நாளுக்கு முந்தைய 12 மாதங்களும் நீங்கள் டெக்சஸில் இருந்திருக்க வேண்டும். யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில் 366 நாள். கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி கல்லூரிகளில் ஃபால் செமஸ்டருக்குச் செப்டம்பர் 20 என்று தேதியே குறித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கல்லூரி எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அந்த ஒரு நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

பலர் தடுக்கி விழுவது இரண்டாவது கேள்வியில். படிப்பதற்காக மட்டுமே இந்த மாநிலத்துக்கு வந்தவர் என்று தெரிந்தால், எத்தனை வருடம் இருந்தாலும் கல்லூரி ஒப்புக்கொள்வது கடினம். வாஷிங்டன் மாநிலச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஒரு பருவத்தில் ஆறு கிரெடிட்டுக்கு மேல் படித்துக்கொண்டிருப்பவர் முதன்மையாகப் படிப்புக்காக வந்தவர் என்றே எடுத்துக்கொள்ளப்படுவார், இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. வர்ஜீனியாவிலும் நிரூபிக்கும் பாரம் விண்ணப்பிப்பவர் மேல்தான் இருக்கிறது, சான்றும் தெளிவாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பிள்ளைதானே படிக்கப் போகிறான், ஏன் எங்கள் தாள்களைக் கேட்கிறார்கள்?

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தாலோ, உங்கள் வருமான வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவராகக் காட்டப்பட்டாலோ, பிள்ளையின் மாநிலம் பெற்றோரின் மாநிலம்தான். ஃப்ளோரிடாவும் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவும் 24 வயது வரை பெற்றோரையே பார்க்கின்றன. அதனால் ‘பதினெட்டு ஆகிவிட்டது, தனியாக அபார்ட்மென்ட் எடுத்துக்கொடுத்துத் தனி ஆளாகக் காட்டலாம்’ என்ற யோசனை அநேகமாக எடுபடாது. நீங்கள் அனுப்பும் பணத்தில் வாடகை கட்டும் பிள்ளையை எந்த அலுவலகமும் பொருளாதாரத்தில் தனித்து நிற்பவர் என்று ஏற்காது.

இது உங்களுக்குச் சாதகமான விதியும்கூட. நீங்கள் வந்தது வேலைக்காக. ‘எதற்காக வந்தீர்கள்’ என்ற கேள்விக்கு உங்களிடம் சுத்தமான பதில் இருக்கிறது. பிள்ளையின் விண்ணப்பம் அந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது.

நாங்கள் எச்-1பி வேலை விசா. பையன் எங்களைச் சார்ந்த எச்-4 விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். இன்-ஸ்டேட் கிடைக்குமா?

டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் கிடைக்கும். வேறு பல மாநிலங்களிலும் கிடைக்கும். காலக் கணக்கும் தாளும் சரியாக இருக்க வேண்டும்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் அலுவலகத்தில் பேசுவது எளிது. எஃப்-1 மாணவர், ஜே-1 பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர், பி-1, பி-2 பார்வையாளர் எல்லோரும் திரும்பிப் போவேன் என்று உறுதி சொல்லி விசா வாங்கியவர்கள். அப்படிச் சொன்னவர் இதே மாநிலத்தில் நிலையாகத் தங்கப்போகிறேன் என்றும் சொல்ல முடியாது. எச்-1பி விசாக்காரர்களுக்கும், நிறுவனத்துக்குள்ளேயே இடமாற்றத்தில் வந்த எல்-1 விசாக்காரர்களுக்கும் குடியேற்றச் சட்டம் அந்தக் கட்டாயத்தை வைக்கவில்லை. கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுக்கொண்டே வேலையும் பார்க்கலாம். ஆகவே அவர்களும், அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 குடும்பமும் நிலையாகத் தங்கும் எண்ணம் கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. டெக்சஸில் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டு ரசீது வாங்கியவர்களும் தகுதிப் பட்டியலில் உண்டு.

இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்ற முன்னுதாரணம் இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகம் ஜி-4 விசாவில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அதாவது உலக வங்கி போன்ற பன்னாட்டு அமைப்புகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு, எத்தனை வருடம் அங்கே வாழ்ந்திருந்தாலும் இன்-ஸ்டேட் இல்லை என்று விதி வைத்திருந்தது. 1982இல் டால் எதிர் மொரேனோ வழக்கில் அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மத்தியச் சட்டம் தங்கலாம் என்று விட்டிருக்கும் மக்கள் மேல் மாநிலம் தன் பங்குக்குப் புதுச் சுமையை ஏற்றக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உள்ளூர் அலுவலக ஊழியருக்கு எச்-4 என்றால் என்ன என்றே தெரியாமல் இருக்கலாம். ‘விசாவா, அப்படியென்றால் இன்டர்நேஷனல்’ என்று முதல் பார்வையில் தள்ளிவிடுவது நடக்கிறது. கோபப்படாமல், அந்தக் கல்லூரியின் சொந்த இணையப் பக்கத்தில் உள்ள தகுதியான விசாக்களின் பட்டியலை அச்செடுத்து மேசையில் வையுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பெண்ணுக்குக் கல்லூரி மூன்றாம் வருடத்தில் 21 வயது முடிகிறது. அப்போது என்ன ஆகும்?

நம் குடும்பங்களை அதிகம் வாட்டும் கேள்வி இதுதான். 21 வயதோடு எச்-4 முடிந்துவிடும். வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டவருக்குப் பொதுவாக ஏழு சதவீதம்தான் என்ற உச்சவரம்பால் இந்தியர் வரிசை பல வருடம் நீண்டு கிடக்கிறது. நான்கு வயதில் இங்கே வந்து, இங்கேயே மழலையர் பள்ளியிலிருந்து படித்த பெண், 21 ஆன அன்று எஃப்-1க்கு மாற வேண்டிய நிலை. எஃப்-1 ஆனதும் சில கல்லூரிகள் அவளை இன்டர்நேஷனல் மாணவி என்று மறுவகைப்படுத்திவிடும்.

டெக்சஸில் இதற்கு நல்ல அரண் ஒன்று உண்டு. அங்கே இன்-ஸ்டேட் பெற இரண்டு பாதைகள். ஒன்று மேலே சொன்ன 12 மாத வசிப்புப் பாதை. மற்றொன்று பள்ளிப் பாதை: டெக்சஸ் உயர்நிலைப் பள்ளியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், பட்டம் பெறுவதற்கு முந்தைய 36 மாதங்கள் தொடர்ந்து டெக்சஸில் வசித்திருக்க வேண்டும், சென்சஸ் தேதிக்கு முந்தைய 12 மாதங்களும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். இந்தப் பாதை மாணவியின் சொந்த வாழ்க்கையின் மேல் நிற்கிறது. பெற்றோரின் விசாவின் மேல் நிற்கவில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே டெக்சஸில் படித்த பிள்ளைக்கு, பெற்றோர் வழியில் தகுதி இருந்தாலும், பள்ளிப் பாதையில் வகைப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பாதையில் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எச்-4 காலாவதியாகும்போது அந்தத் தாள் உதவும்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள், கல்லூரியைத் தேர்வு செய்யும் முன்பே ரெஜிஸ்ட்ரார் (மாணவர் பதிவு) அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, ‘படிப்பின் நடுவில் எச்-4இலிருந்து எஃப்-1க்கு மாறினால் வகைப்பாடு மாறுமா?’ என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இதோடு, 2002ஆம் ஆண்டின் குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்க முடியும். உங்களுக்கு அது எத்தனை நாள் வரும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் பார்த்துக்கொள்வது நல்லது.

பையன் ஹூஸ்டனில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். நாங்கள் கோயம்புத்தூர் திரும்பிப் பத்து வருடம் ஆகிறது. குடிமகன் என்பதால் இன்-ஸ்டேட் தருவார்களா?

தர மாட்டார்கள். அமெரிக்கக் குடியுரிமை வேறு, டெக்சஸ் வசிப்பு வேறு. ஒஹாயோவில் வாழும் அமெரிக்கக் குடிமகனுக்கே டெக்சஸில் வெளி மாநிலக் கட்டணம்தான். பிறப்புச் சான்றிதழில் ஹூஸ்டன் என்று இருப்பது ஒரு தகுதியும் தராது. திரும்பி வந்த குடும்பங்கள் பல, பிள்ளைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் இந்தக் கணக்கைப் போடாமலே இருந்துவிடுகின்றன.

வழி இல்லாமல் இல்லை. பெற்றோரில் ஒருவர் வேலையோடு டெக்சஸுக்கு வந்து 12 மாதம் முடித்தால் பிள்ளைக்கும் தகுதி வரும். அது முடியாவிட்டால் டெக்சஸ் சட்டத்தில் உள்ள உதவித்தொகை விலக்கைப் பாருங்கள்: வெளி மாநில, வெளி நாட்டு மாணவர்களும் உள்ளூர் மாணவர்களோடு போட்டியிட்டு, கல்லூரி வழங்கும் குறைந்தது 1,000 டாலர் போட்டி உதவித்தொகை ஒன்றைப் பெற்றால், உள்ளூர் கட்டணத்தில் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். எல்லோருக்கும் கிடைக்காது, இடங்களுக்கு வரம்பு உண்டு. ஆனால் கேட்காதவர்களுக்கு நிச்சயம் கிடைக்காது.

சித்தப்பா கலிஃபோர்னியாவில் இருக்கிறார். அவர் வீட்டு முகவரியைக் கொடுத்தால்?

பிள்ளை அங்கே வாழவில்லை என்றால் அந்த முகவரியைக் கொடுப்பது பொய்ச் சான்று. கண்டுபிடித்தால் பழைய செமஸ்டர்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள், ஒழுங்கு நடவடிக்கையும் வரும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் குடும்பத்துக்கு அரசு நிறுவனம் ஒன்றில் பொய் சொன்னதாகப் பதிவு விழுவது அதைவிடப் பெரிய ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

பிள்ளை உண்மையிலேயே சித்தப்பா வீட்டில் வளர்ந்தால் கதை வேறு. கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் நேரடிப் பராமரிப்பில், கல்லூரியில் சேர்வதற்கு முன் தொடர்ந்து இரண்டு வருடத்துக்குக் குறையாமல் வாழ்ந்திருந்து, அந்தப் பெரியவர் கடைசி ஒரு வருடமாவது கலிஃபோர்னியாவாசியாக இருந்தால், மாணவர் கலிஃபோர்னியாவாசியாக வகைப்படுத்தப்படலாம். பதினோராம் வகுப்பிலிருந்தே அங்கே பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் இதற்கு அர்த்தம். பள்ளிப் பதிவேடு, மருத்துவர் பதிவேடு, யார் செலவு செய்தார்கள் என்ற கணக்கு எல்லாம் கேட்பார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஜனவரியில் டல்லாஸ் வந்தோம். பெண் ஆகஸ்ட்டில் கல்லூரி சேர்கிறாள். 12 மாதம் ஆகவில்லையே?

முதல் செமஸ்டருக்குக் கிடைக்காது. ஆனால் அதோடு கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் 12 மாதம் அடுத்த ஜனவரியில் முடிகிறது. ஸ்பிரிங் செமஸ்டர் சென்சஸ் தேதிக்கு முன் அது முடிந்துவிட்டால், மறுவகைப்பாடு கேட்டு மனுப் போடலாம். தனியாகப் படிக்க வந்த மாணவருக்கு இந்த மறுவகைப்பாடு கடினம். வேலைக்காக வந்த பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்கு அப்படியில்லை, கணக்கில் வருவது உங்கள் 12 மாதம்தான்.

ஆகவே வந்த முதல் வாரத்திலிருந்து தாள் சேர்க்கத் தொடங்குங்கள். டெக்சஸ் விதிப்படி வண்டிப் பதிவை 30 நாளுக்குள்ளும் ஓட்டுநர் உரிமத்தை 90 நாளுக்குள்ளும் மாற்றிக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் அது வண்டிக்கு 20 நாள், உரிமத்துக்கு 10 நாள். கெடுவுக்குள் மாற்றிய தேதி, நீங்கள் தங்க வந்தவர் என்பதற்குச் சாட்சி. எட்டு மாதம் நியூ ஜெர்சி நம்பர் பிளேட்டோடு ஓட்டினால் அதுவும் சாட்சிதான், உங்களுக்கு எதிரான சாட்சி.

மனுவைச் சென்சஸ் தேதிக்கு வெகு முன்னால் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதி தாண்டினால் அடுத்த செமஸ்டருக்குத்தான் பார்ப்பார்கள். கட்டிய பணம் திரும்பாது.

என்னென்ன தாள்கள் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

வருமான வரி உள்ள மாநிலங்களில் மாநில வரிக் கணக்குதான் முதல் தாள். கலிஃபோர்னியாவில் முழு ஆண்டு வசிப்பவராகத் தாக்கல் செய்த கணக்கு மிகவும் பேசும். பகுதி ஆண்டு வசிப்பவர் என்று போட்டிருந்தால் அதில் எழுதிய குடியேறிய தேதியைக் கூர்ந்து பார்ப்பார்கள்; கல்லூரிப் படிவத்தில் நீங்கள் எழுதும் தேதியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். டெக்சஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் மூன்றிலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. அங்கே வேலையும் வீடும்தான் பேச வேண்டும்.

வேலை என்றால், நிறுவனத்தின் தலைப்புத் தாளில், எந்தத் தேதியிலிருந்து இன்றுவரை எந்த ஊர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதி வாங்கிய கடிதம். கன்சல்டிங் நிறுவனங்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் தலைமையகம் நியூ ஜெர்சி, கிளையன்ட் இடம் டெக்சஸின் பிளேனோ என்றால், சம்பளச் சீட்டில் நியூ ஜெர்சி முகவரிதான் அச்சாகியிருக்கும். கடிதத்தில் வேலை பார்க்கும் இடம் பிளேனோ என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

சொந்த வீடு இருந்தால் பத்திரமும் சொத்து வரி ரசீதும். டெக்சஸில் ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கியிருந்தால் அதையும் சேருங்கள். இது என் குடியிருப்பு வீடு, வாடகைக்கு விடும் முதலீடு இல்லை என்று அது சொல்கிறது. வாடகை வீடு என்றால் லீஸில் நான்கு இடத்தைப் பாருங்கள்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, குடியிருப்பவர் பெயர்கள், இரு தரப்புக் கையெழுத்து. முதல் வருட லீஸ் முடிந்து மாதா மாதம் வாடகைக்கு மாறியவர்களிடம் இரண்டாம் வருடத்துக்குத் தாளே இருக்காது. அபார்ட்மென்ட் அலுவலகத்திடம் கேட்டு, வாடகை கட்டிய வரலாற்றை அச்செடுத்து வாங்குங்கள். பிள்ளையின் பெயரும் அந்த லீஸில் குடியிருப்பவராக இருக்கட்டும். மின் கட்டணம் மனைவி பெயரில், லீஸ் கணவர் பெயரில் என்று இருப்பது குற்றமில்லை. திருமணச் சான்றிதழ் நகலையும் சேர்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தில் விசாக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. டெக்சஸில் நமக்குத் தருவது விசா முடியும் தேதியோடு காலாவதியாகும் உரிமம். விசா நீட்டிக்கும்போதெல்லாம் புது அட்டை வரும், புது அட்டையில் புது வழங்கிய தேதி அச்சாகும். எட்டு வருடமாக டெக்சஸில் வண்டி ஓட்டுபவரின் அட்டையில் போன மாதத் தேதி இருக்கும். ஊழியர் அதைப் பார்த்து ‘ஒரு வருடம் ஆகவில்லையே’ என்பார். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும் முன்பும் பழைய அட்டையை இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசா தாள்களிலும் இதே கவனம் வேண்டும். பெற்றோரின் எச்-1பி நீட்டிப்புக்கு ஐ-797 என்ற குடியேற்றத் துறை அறிவிப்புத் தாள் ஒன்று வரும். பிள்ளையின் எச்-4 நீட்டிப்புக்கு வேறு மனு, வேறு ஐ-797. பல வீடுகளில் பெற்றோர் தாள் மட்டும் கோப்பில் இருக்கும். பிள்ளையின் நீட்டிப்பு நிலுவையில் இருந்தால் மனு பெற்றுக்கொண்ட ரசீதையாவது வையுங்கள்.

பட்டியலில் வாக்காளர் பதிவு என்றும் இருக்கிறதே, அதையும் செய்துவிடலாமா?

குடிமகனாக இல்லாதவர் செய்யவே கூடாது. எச்-1பி, எச்-4, கிரீன் கார்டு, யாராக இருந்தாலும். ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்களின் சான்றுப் பட்டியலில் வாக்காளர் அட்டை மேலாகவே இருக்கும். அது குடிமக்களுக்கான சான்று. குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்தால் நாடு கடத்தப்படவும், பின்னாளில் குடியுரிமை மறுக்கப்படவும் இடம் உண்டு. உரிமம் புதுப்பிக்கும் கவுன்டரில் ‘வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமா?’ என்ற பெட்டி இருக்கும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தெரியாமல் ‘ஆம்’ என்று குறித்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்பா சியாட்டிலில் வேலை, அம்மாவும் பிள்ளைகளும் ஆஸ்டினில். எந்த மாநிலம்?

பிள்ளை ஆஸ்டினில் அம்மாவோடு வாழ்ந்து அங்கே படித்தால் டெக்சஸ்தான் வலுவான வாதம். தாள்கள் எல்லாம் அப்பா பெயரிலேயே இருப்பதுதான் வழக்கமான தடை. ஆஸ்டின் வீட்டின் லீஸ், மின் இணைப்பு, வண்டி, வங்கிக் கணக்கு இவற்றில் அம்மாவின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அம்மா வேலைக்குப் போகாதவர் என்றால் இன்னும் அவசியம். பிள்ளை டெக்சஸில் மூன்று வருடம் படித்து முடிக்கப்போகிறது என்றால் பள்ளிப் பாதை இருக்கிறது. அதில் இந்தச் சிக்கல் பெரிதாக வராது.

கோடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போய் வந்தோம். 12 மாதக் கணக்கு உடைந்துவிடுமா?

உடையாது. வேலை தொடர்ந்தது, வீடு தொடர்ந்தது, திரும்பும் டிக்கெட் இருந்தது என்றால் அது தற்காலிகப் பயணம். வீட்டைக் காலி செய்து, பொருட்களை ஸ்டோரேஜில் போட்டுவிட்டு, அம்மாவும் பிள்ளைகளும் ஒரு கல்வியாண்டு முழுக்கச் சென்னையில் படித்திருந்தால் நிலைமை வேறு. அங்கே கணக்கைப் புதிதாகத் தொடங்கச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

2025இல் டெக்சஸ் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதாமே? நம்மைப் பாதிக்குமா?

2001இல் டெக்சஸ் கொண்டுவந்த சட்டம், உரிய ஆவணம் இல்லாத மாணவர்களுக்கும் பள்ளிப் பாதையில் இன்-ஸ்டேட் தந்தது. 2025 ஜூன் 4 அன்று மத்திய நீதிமன்றம் ஒன்று, சட்டப்படி நாட்டில் தங்கியிராதவர்களுக்கு அது பொருந்தாது என்று ஆணையிட்டது. ஃப்ளோரிடாவும் இதே போன்ற சலுகையை 2025 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் பலரின் படிப்பு நடுவில் நிற்கிறது. அது வேதனையான விஷயம்.

எச்-4, எல்-2, கிரீன் கார்டு பிள்ளைகள் சட்டப்படி தங்கியிருப்பவர்கள்; அந்த ஆணை அவர்களைக் குறிவைக்கவில்லை. ஆனால் இப்போது நிலையைக் காட்டும் தாளைக் கேட்பார்கள். முன்பு பள்ளிப் பாதையில் விசா பற்றிக் கேட்காத இடத்திலும் கேட்கலாம். ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கும் எதுவரை தங்கலாம் என்பதற்குமான பதிவு), ஐ-797 நடப்பில் இருக்கட்டும்.

நான் எம்.எஸ். படிக்க எஃப்-1இல் வந்தேன். ஒரு வருடம் ஆனதும் இன்-ஸ்டேட் ஆகிவிடுமா?

வசிப்பு வழியில் ஆகாது. வேறு வழிகள் உண்டு. டெக்சஸில் தன் படிப்புக்குத் தொடர்புள்ள துறையில் குறைந்தது அரை நேர டீச்சிங் அசிஸ்டன்ட் அல்லது ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலையில் இருப்பவருக்கு உள்ளூர் கட்டணம் உண்டு. மேலே சொன்ன 1,000 டாலர் உதவித்தொகை விலக்கும் உங்களுக்குப் பொருந்தும்.

கல்யாணமாகி எச்-4இல் வந்த பெண்கள் எம்.எஸ். படிக்க நினைத்தால், எஃப்-1க்கு மாறும் முன் யோசியுங்கள். எச்-4இலேயே முழு நேரம் படிக்கலாம். வந்து ஒரு வருடம் ஆகியிருந்தால் இன்-ஸ்டேட் கேட்கும் தகுதியும் அதே எச்-4இல் இருக்கிறது. எஃப்-1க்கு மாறினால் அந்தத் தகுதி கையை விட்டுப் போகும். படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதிக்காக மாறுகிறேன் என்றால், இரண்டின் கட்டண வித்தியாசத்தையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

உண்டு, டெக்சஸில் இன்னும் ஒரு படி கூடுதலாக. மாநிலத்துக்குள் இருந்தாலும் அந்தக் கல்லூரியின் வரி மாவட்டத்துக்குள் வீடு இருந்தால் ஒரு கட்டணம், வெளியே இருந்தால் வேறு கட்டணம். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஃபிரிஸ்கோ இதற்கு நல்ல உதாரணம். ஊரின் ஒரு பகுதி காலின் கவுன்டி, மற்றது டென்டன் கவுன்டி. காலின் காலேஜுக்கு ஃபிரிஸ்கோவிலேயே வளாகம் இருந்தாலும், டென்டன் பக்க வீட்டுக்காரருக்கு மாவட்டத்துக்கு வெளியே உள்ளவருக்கான கட்டணம். வீடு வாங்கும்போது பள்ளி எல்லையைப் பார்க்கிறோம். இந்த எல்லையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவத்தில் மாநிலம் எழுதிவிட்டேனே, போதாதா?

போதாது. அது மத்திய அரசின் நிதியுதவிக்கு. கல்லூரியின் வசிப்பு முடிவு தனி. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய நிதியுதவி இல்லை, ஆனாலும் இன்-ஸ்டேட் தகுதி இருக்கலாம்.

எங்கே, எப்போது மனுக் கொடுப்பது?

டெக்சஸில் கல்லூரி விண்ணப்பத்திலேயே வசிப்புக் கேள்விகள் வந்துவிடும். அவசரத்தில் பிள்ளையே தட்டிவிட்டுப் போகும் பகுதி அது, நீங்கள் உட்கார்ந்து நிரப்புங்கள். யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில் இடத்தை ஏற்றுக்கொண்ட பிறகு சட்டபூர்வ வசிப்பு அறிக்கை என்று ஒரு படிவம் வரும், முடிவு அதை வைத்துத்தான். வட கரோலினாவில் மாநிலம் முழுமைக்கும் ஒரே சேவை இருக்கிறது. அங்கே இணையத்தில் நேர்காணல் போலக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஒரு சான்று எண் தருவார்கள், எல்லாக் கல்லூரிக்கும் அந்த எண்தான். மிஷிகனில் மாநில அளவில் பொது விதி இல்லை, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக முடிவு செய்கிறது.

மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

முதலில், மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் ஒரு காலத்தில், வெளி மாநில முகவரியிலிருந்து விண்ணப்பித்தவர் படிப்பு முடியும்வரை வெளி மாநிலத்தவர்தான், மாற்ற வழியே இல்லை என்று வைத்திருந்தது. 1973இல் விலாண்டிஸ் எதிர் க்ளைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லலாம், ஆனால் தான் இந்த மாநிலத்தவர் என்று காட்ட மாணவருக்கு வாய்ப்பே தராமல் இருக்க முடியாது என்றது நீதிமன்றம்.

மறுப்புக் கடிதத்தில் கெடு இருக்கும். பல இடங்களில் சில வாரங்கள்தான். பணம் கட்டும் கெடு அதற்கு முன் வந்தால், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தவணையாகக் கட்டலாமா என்று பில் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கட்டாமல் விட்டால் வகுப்புப் பதிவே ரத்தாகிவிடக்கூடும்.

மேல்முறையீட்டுக் கடிதத்தில் கதை வேண்டாம், மதிப்பெண் பெருமை வேண்டாம், குடும்பக் கஷ்டமும் வேண்டாம். எந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தார்களோ அதற்கு மட்டும் பதில். ‘2024 ஆகஸ்ட் வசிப்புக்குச் சான்று இல்லை’ என்றால் அந்த மாத வாடகை ரசீது, மின் கட்டணச் சீட்டு, சம்பளச் சீட்டு, பிள்ளையின் பள்ளி வருகைப் பதிவு நான்கையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதி இணையுங்கள். புதுத் தாள் ஒன்றும் இல்லாமல் பழையதையே மறுபடி அனுப்பினால் பதிலும் பழையதே வரும். முடிந்தால் நேரில் போய், எந்தத் தாள் வந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டு, சொன்னவரின் பெயரையும் நாளையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.